வர்ஜீனியாவில் வாங்கிய டிக்கெட்

2022 டிசம்பர். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நியூஜெர்சி எடிசனிலிருந்து நார்த் கரோலைனாவில் இருக்கும் கேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனைவியின் அண்ணன் வீடு அங்கேதான். அதிகாலையில் கிளம்பி, வாஷிங்டன் நெரிசலைக் கடந்து, ரிச்மண்ட் தாண்டி, பீட்டர்ஸ்பர்க்கும் தாண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐ-95 சாலை நேர்கோடாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், வண்டிகளும் குறைவு. வேக எல்லை மணிக்கு 70 மைல். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியில் நீல விளக்கு தெரிந்தது. "என்னங்க, நம்மளத்தான்" என்றாள் மனைவி.

ஓரங்கட்டி நிறுத்தினேன். போலீஸ்காரர் அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடியை இறக்கியதும் குளிர்காற்று உள்ளே அடித்து, சின்னவன் முழித்துக்கொண்டு, "அப்பா என்னப்பா" என்று கேட்டான். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸையும் பதிவு அட்டையையும் வாங்கிக்கொண்டு போய், பத்து நிமிடம் கழித்து ஒரு தாளோடு வந்தார். "இதில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. இந்தத் தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்பதற்கு மட்டும்தான்" என்று விளக்கினார். தாளில் 84/70 என்று இருந்தது, அதாவது 70 எல்லையில் 84 போனதற்கான டிக்கெட்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் சரியாக வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை இரவே உட்கார்ந்து இணையத்தில் அபராதத்தைக் கட்டிவிட்டேன். பத்து நிமிட வேலை. கடன் மாதிரி ஒரு விஷயம் தலைமேல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று எழுதியிருந்தது. படித்தேன், பெட்டியில் டிக் போட்டேன், கட்டினேன். வேறு மாநிலம்தானே, நம் லைசென்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், காசு போனது போகட்டும் என்ற நினைப்புதான்.

அடுத்த வாரத்தில் தபால்பெட்டி நிறைய வர்ஜீனியா வக்கீல்களின் கடிதங்கள். நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் இருப்பதால், டிக்கெட் வாங்கியவர்களின் முகவரிக்கு இப்படிக் கடிதம் வருவது அங்கே வழக்கம். விளம்பரம் என்று எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அதில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருந்தால் விஷயம் அப்போதே புரிந்திருக்கும். ஆனால் அதற்குள் கட்டி முடித்துவிட்டேனே.

மே மாதம் கார் இன்சூரன்ஸ் புதுப்பிப்பு வந்தது. ஆறு மாதத் தொகையில் 190 டாலர் ஏறியிருந்தது. ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "உங்க ரெக்கார்டுல டிசம்பர்ல ஒரு வேக மீறல் இருக்கே சார்" என்றார், அவரும் நம்மூர்க்காரர்தான். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் புதுப்பிக்கும் சமயத்தில் ஓட்டுநர் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. லைசென்ஸ் கொடுக்கும் நியூஜெர்சி எம்விசி அலுவலகத்தில் 15 டாலர் கட்டி என் ஓட்டுநர் வரலாற்றுத் தாளை எடுத்தேன். முன்பு ஒருமுறை ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காமல் போனதற்கான 2 புள்ளிகள் இருந்தன, மீறல் செய்தால் லைசென்ஸ் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளிகள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, இன்னொரு 2 புள்ளிகள். வர்ஜீனியா டிக்கெட் 400 மைல் தள்ளி என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது மாநிலங்கள்தான், மத்திய அரசு இல்லை. அந்தக் காலத்தில் ஒருவர் இரண்டு மூன்று மாநிலங்களில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு, ஒன்றில் மாட்டினால் இன்னொன்றைக் காட்டித் தப்பிக்க முடிந்திருக்கிறது. போக்குவரத்துப் பாதுகாப்புக்காக மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அமெரிக்க நாடாளுமன்றம் 1958-ல் அனுமதி கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓட்டுநர் உரிம ஒப்பந்தம். ஓர் ஓட்டுநருக்கு ஒரு லைசென்ஸ், ஒரு பதிவு என்பதே அதன் அடிப்படை. இன்றைக்கு 45 மாநிலங்களும் வாஷிங்டன் டிசி-யும் அதில் இருக்கின்றன. ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், மிஷிகன், டென்னசி, விஸ்கான்சின் ஆகிய ஐந்தும் வெளியே. வெளியே என்றால் அங்கே நடப்பது யாருக்கும் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. மாநிலங்கள் தகவல் பரிமாறிக்கொள்ள வேறு வழிகளும் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவது, வண்டியால் உயிரைப் பறிப்பது, ஆளுக்கு அடிபட்ட விபத்தில் நிற்காமல் ஓடுவது, வண்டியை வைத்துப் பெரிய குற்றம் செய்வது என்ற நான்கையும் சொந்த மண்ணில் செய்ததாகவே சொந்த மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற மீறல்களுக்குச் சொந்த மாநிலத்தின் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி. இந்தக் கடைசி வரியால்தான் குழப்பமே. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே டிக்கெட், ஆனால் உங்கள் பையில் எந்த மாநில லைசென்ஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பாரம் மாறும்.

என் 84/70-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாக்காரர் என்றால் அவர் பதிவில் 4 புள்ளிகள். நியூஜெர்சியில் இதே வேகத்துக்கு உள்ளூரில் பிடிபட்டால் 2 புள்ளி, எல்லையைவிட 15 மைலோ அதற்கு மேலோ கூடியிருந்தால் 4, 30-ஓ அதற்கு மேலோ என்றால் 5. ஆனால் வெளிமாநில மீறலுக்கு இந்தக் கணக்கே கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக 2 புள்ளிகள். நதிக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இருக்கும் நண்பருக்கோ புள்ளியே ஏறாது, வெளிமாநில வேக டிக்கெட்டுக்கு அங்கே புள்ளி போடுவதில்லை.

கேரியில் இருக்கும் மச்சானிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "நீங்க பொழச்சீங்க மாப்ள. எங்க லைசென்ஸா இருந்து இன்னும் ரெண்டு மைல் கூடியிருந்தா கதையே வேற" என்றார். நார்த் கரோலைனாவில் 55 மைலுக்கு மேல் ஓட்டி, எல்லையை 15 மைலுக்கு மேல் தாண்டினால் 30 நாள் லைசென்ஸ் பறிபோகும். வெளிமாநிலத்தில் செய்தாலும் அதே கதிதான். உள்ளூர் டிக்கெட் என்றால் வக்கீல் வைத்து வேகத்தைக் குறைத்து எழுத வைப்பார்கள். வெளியூரில் வாங்கியதை என்னைப்போல அவசரப்பட்டுக் கட்டிவிட்டால், சில வாரத்தில் லைசென்ஸ் நிறுத்தக் கடிதம் வரும். மச்சானின் அலுவலகத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆகி, ஒரு மாதம் மனைவிதான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டாராம்.

டொராண்டோவில் இருக்கிற நம்மவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்கார்பரோவில் எனக்கு ஒரு யாழ்ப்பாண நண்பர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணங்களுக்காக நியூஜெர்சிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது காரில் வருவார். சிரக்யூஸ் பக்கத்தில் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தார். "நியூயோர்க்கில வாங்கினது தானே, கனடாவுக்கு என்ன வரப்போகுது எண்டு நினைச்சன் தம்பி" என்றார். ஒண்டாரியோவுக்கு நியூயார்க், மிஷிகன் இரண்டோடும் உடன்பாடு உண்டு. அங்கே தண்டனை பதிவானால், ஒண்டாரியோவிலேயே செய்த மாதிரி புள்ளி விழும், மீறிய தேதியிலிருந்து இரண்டு வருடம் நிற்கும். மற்ற எந்த அமெரிக்க மாநிலத்தின் டிக்கெட்டுக்கும் புள்ளி போடாத நியூயார்க்கும், ஒண்டாரியோ, கியூபெக் டிக்கெட்டுகளை மட்டும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எல்லையில் பாஸ்போர்ட் காட்டிக் கடந்தாலும் டிக்கெட் பின்னாலேயே வரும் பாதை இது ஒன்று. அண்ணைக்கு இதைச் சொன்னபோது அவர் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தார்.

வர்ஜீனியா பற்றி இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அங்கே எல்லையை 20 மைல் தாண்டினாலோ, எல்லை எதுவாக இருந்தாலும் 85 மைலுக்கு மேல் போனாலோ அது வெறும் வேக மீறல் இல்லை. பொறுப்பற்ற ஓட்டுதல் என்று வழக்காகும். அது கிரிமினல் குற்றம், 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இணையத்தில் காசு கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த 85 என்ற கோடு 2020 ஜூலை 1-லிருந்துதான். அதற்கு முன் 80. அதாவது நான் அதே சாலையில் அதே 84-ல் மூன்று வருடம் முன்னால் போயிருந்தால், கிரிமினல் வழக்கு. இதைப் படித்த அன்று லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்க விசா விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, ஏதாவது குற்றத்துக்குத் தண்டனை பெற்றீர்களா என்று ஒரு கேள்வி வரும். சாதாரண வேக டிக்கெட்டுக்கு யாரும் அங்கே தயங்க வேண்டியதில்லை. வர்ஜீனியாவில் இந்தப் பிரிவில் தண்டனை வாங்கியவர் ஆம் என்று எழுதி, நீதிமன்றத் தாளைத் தூக்கிக்கொண்டு சென்னைத் துணைத் தூதரகத்தில் நிற்க வேண்டியிருக்கும். 70 எல்லையில் 86 ஓட்டியதற்காக. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் விடுமுறைக்கு இந்தச் சாலையில் ஃப்ளோரிடாவுக்குப் போகிறார்கள்! பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் டிக்கெட் வந்தால் அன்றைக்கே வக்கீலிடம் போங்கள், செலவைப் பார்க்காதீர்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் இதைவிட மோசம். தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திராமல், கைதை வைத்தே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது, செய்தும் வருகிறார்கள்.

நான் செய்த தப்பு அவசரப்பட்டுக் கட்டியது. கட்டாமலே விட்டால் என்ன ஆகும் என்பதை என் அலுவலகத் தம்பி ஒருவன் வழியாகப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "அண்ணா, ஹெட்லைட் எரியலன்னு நிறுத்தினாங்க. என் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்குங்கிறாங்க அண்ணா. வண்டிய டோ பண்ணிட்டாங்க." குரல் நடுங்கியது. போய்ப் பார்த்தால், பெட்ரோல் பங்க் ஓரத்தில் தோளில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தான். எதற்காக நிறுத்திவைத்தார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. காரில் வரும்போதுதான் மெதுவாக ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடம் முன்னால் நண்பர்களோடு நார்த் கரோலைனா கடற்கரைக்குப் போனபோது வாங்கிய டிக்கெட். திரும்ப அங்கே போகவா போகிறோம் என்று கார் டேஷ்போர்டில் போட்டுவிட்டிருக்கிறான். டோ ஆன வண்டியை மறுநாள் மீட்டபோது அந்தத் தாள் அங்கேயேதான் கிடந்தது, சாஸ் பாக்கெட்டுகளுக்கு அடியில், எழுத்து பாதி மங்கி.

இதற்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, 1977-ஆம் வருடத்தது. வெளியூர்க்காரரைப் பிணையாகப் பணம் கட்டச் சொல்லி நிறுத்திவைக்காமல் அங்கேயே போகவிடுவார்கள். பதிலுக்கு, அவர் டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாவிட்டால் சொந்த மாநிலத்துக்குத் தகவல் போகும். சொந்த மாநிலம் கடிதம் அனுப்பும், அப்போதும் பதில் இல்லையென்றால் லைசென்ஸை நிறுத்திவைக்கும். அந்த ஊர் வழக்கை முடித்துவிட்டதற்கு அத்தாட்சி காட்டும்வரை திரும்பாது. 44 மாநிலங்களும் டிசி-யும் இதில் உண்டு. அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிஷிகன், மொண்டானா, ஓரிகன், விஸ்கான்சின் மட்டும் இல்லை. பார்க்கிங் டிக்கெட் இந்த ஒப்பந்தத்தில் வராது.

தம்பிக்கும் கடிதம் போயிருக்கிறது, அவன் காலி செய்துவிட்டு வந்த பழைய அபார்ட்மெண்ட்டுக்கு. நியூஜெர்சியில் வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் எம்விசி-யில் முகவரி மாற்ற வேண்டும். அவன் மாற்றவில்லை, அவன் வயதில் நானும் மாற்றியதில்லை. நிறுத்திவைத்த லைசென்ஸோடு ஓட்டுவது தனிக் குற்றம், முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம். நார்த் கரோலைனா வழக்கை முடித்து, அத்தாட்சி வாங்கி, இங்கே லைசென்ஸைத் திரும்பப் பெற 100 டாலர் கட்டணமும் செலுத்தி, உள்ளூர் நீதிமன்றத்துக்கு மூன்று தடவை போய் வந்தான். ஏழு வாரம் நான்தான் காலையில் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு நாள் காரில், "அண்ணா, அப்பாகிட்ட இதைச் சொல்லல" என்றான். டிக்கெட் என்னவோ சின்னதுதான். அந்தப் பையன் தூங்காமல் இருந்த ராத்திரிகளை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது நண்பர்கள் யாராவது டிக்கெட் வாங்கினால் எனக்குப் போன் வருகிறது. நான் வக்கீல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கேமரா எடுத்த படத்தோடு தபாலில் வந்ததா, போலீஸ்காரர் நிறுத்திக் கொடுத்ததா என்று கேட்பேன். நியூயார்க் நகரத்து சிக்னல் கேமரா டிக்கெட் போன்றவை வண்டியின் சொந்தக்காரருக்கு வருபவை. 50 டாலர் கட்டினால் முடிந்தது, புள்ளியும் கிடையாது. நிறுத்திக் கொடுத்தது என்றால், ஒரு வாரம் எதையும் கட்டாதே, முதலில் உன் மாநிலம் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பார் என்பேன்.

போன வருடம் எடிசனிலேயே ஒரு நண்பர், இதே ஐ-95, 83/70. வர்ஜீனியாவில் ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டார். "79/70-ன்னு குறைச்சுத் தரேங்கிறார், ஒத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அங்கே இருப்பவருக்கு அது லாபம், 4 புள்ளி 3 ஆகும். ஆனால் நியூஜெர்சிக்காரருக்கு 9 மைல் தாண்டினாலும் அதே 2 புள்ளிதான், இன்சூரன்ஸ்காரர் பார்க்கும் வரியிலும் வேக மீறல் என்றுதான் இருக்கும். இதை அந்த வக்கீலிடமே கேட்கச் சொன்னேன். அவர் நியூஜெர்சி கணக்கை அதுவரை யோசிக்கவில்லை. அந்தந்த ஊர் வக்கீலுக்குத் தன் ஊர்ச் சட்டம்தான் அத்துப்படி, நம் ஊர் என்ன செய்யும் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வக்கீல், "வண்டியின் கருவியில் குறைபாடு" என்ற பிரிவுக்கு மாற்றக் கேட்டார். அது ஓட்டும் விதத்தைப் பற்றிய மீறல் ஆகாது. நண்பரின் பழைய பதிவு சுத்தமாக இருந்ததால் நீதிபதி ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சில நீதிபதிகள் 8 மணி நேர வகுப்பு முடித்து வரச் சொல்வார்கள், சிலர் எதற்கும் இறங்கி வர மாட்டார்கள்.

நான் தற்காப்பு ஓட்டுதல் வகுப்பு ஒன்றை முடித்தேன். நியூஜெர்சியில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதற்காக 2 புள்ளி கழிப்பார்கள், இன்சூரன்ஸிலும் மூன்று வருடம் தள்ளுபடி உண்டு. மீறல் எதுவும் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் இன்னும் 3 புள்ளி வரை கழியும். இந்தக் கணக்கில் அலட்சியம் கூடாது, மூன்று வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்துவிட்டால் மாநிலத்துக்கே தனியாக 150 டாலர் கட்ட வேண்டியிருக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 25. 12 ஆனால் லைசென்ஸே நிறுத்தப்படும்.

சென்ற மாதம் மறுபடியும் 15 டாலர் கட்டித் தாளை எடுத்துப் பார்த்தேன். இப்போது புள்ளி இல்லை. டிசம்பர் 2022-ன் அந்த வரி மட்டும் அங்கேயே இருக்கிறது, புள்ளி கழிந்தாலும் பதிவு அழியாது. தம்பியிடமும் அவன் தாளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய அபார்ட்மெண்ட் முகவரி அதில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.